இயக்குநர் குழுவும் லட்சுமி விலாஸ் வங்கியும்

ஆத்தூரில் ஒருவர் சொந்தமாக ஜவ்வரிசி ஆலை நடத்தினால், கணக்குப் பார்ப்பதும் அவரே, கடன் கொடுப்பதும் அவரே. நஷ்டம் வந்தால் அதுவும் அவர் தலையில்தான். பல்லாயிரம் பேர் பங்கு வைத்திருக்கும் கம்பெனியில் இது முடியாது. அவர்கள் சார்பில் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கத்தான் இயக்குநர் குழு, அதாவது போர்டு, இருக்கிறது. அது தன் வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சேலம், நாமக்கல் தாண்டினால் கரூர்.

1926-ல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் கரூர் வணிகர்கள் ஏழு பேர் லட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினார்கள். சுற்றுவட்டார வியாபாரிகளும் விவசாயிகளும்தான் அதன் வாடிக்கையாளர்கள். கடன் வாங்குபவரை நேரில் தெரிந்தவர்களே போர்டில் இருந்தார்கள்.

பிற்காலத்தில் வங்கி பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போனது. வாராக்கடன் ஏறியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது. 2019-20-ல் மட்டும் நஷ்டம் 836 கோடி ரூபாய். 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுக் கூட்டத்தில், நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள்.

ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் பணம் எடுக்கத் தடை வந்தது. சமீப ஆண்டுகளின் நிர்வாகக் குறைபாடுகளும் வங்கியின் சரிவுக்குக் காரணம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. நவம்பர் 27 அன்று வங்கி டி.பி.எஸ். வங்கியுடன் இணைந்தது. சுமார் 20 லட்சம் டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. பங்குதாரர்களின் முதலோ முழுவதும் தள்ளுபடி ஆனது. போர்டை நீக்கியவர்களுக்கும் ஒரு பைசா மிஞ்சவில்லை.

ஊரைக் குறை சொல்ல முடியாது. அதே கரூரில் 1916-ல் பிறந்த கரூர் வைசியா வங்கி இன்றும் தனித்து நடக்கிறது.

வெளியாட்களைப் போர்டில் சேர்த்தால் போதுமா? ஐதராபாத்தின் சத்யம் கம்பெனி போர்டில் பெயர் பெற்ற பேராசிரியர்களும் சுயேச்சை இயக்குநர்களாக இருந்தார்கள். 2009 ஜனவரியில் நிறுவனர் ராமலிங்க ராஜு தானே ஒப்புக்கொள்ளும் வரை பொய்க்கணக்கு வெளிவரவில்லை.

ஆக, நாற்காலியில் எத்தனை பேர், எவ்வளவு படித்தவர்கள் என்பது இரண்டாம் விஷயம். கடன் கொடுக்கும் முன்பே "இது திரும்பி வருமா?" என்று கேட்க அவர்களில் ஒருவராவது இருக்கிறாரா என்பதே முதல் விஷயம்.