இரட்டைக்குழல் – 7: ஒரே அளவு, ஒரே வம்சம்

(சென்ற வாரம்: 1983-ல் ஃபரிதாபாத் எஸ்கார்ட்ஸ் தொழிற்சாலை யமஹாவின் ஆர்.டி. 350-ஐ ‘ராஜ்தூத் 350’ என்ற பெயரில் இறக்கியது. பெட்ரோல் குடிக்கிறது, விலை கட்டாது என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள். எண்பதுகளின் கடைசியோடு கதை முடிந்தது. கம்பெனியே கைகழுவிய வண்டி பெங்களூர் காக்ஸ் டவுன் சந்துகளில் இன்னும் எப்படி உறுமுகிறது? அதற்கு பார்ட்ஸ் யார் கொடுப்பது?)

64. 54.

ஆர்.டி.யைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிடுவார். சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 64 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 54 மில்லிமீட்டர். இரண்டு சிலிண்டர் சேர்ந்தால் 347 சி.சி. சென்ற வாரக் கேள்விக்கு விடை இந்த எண்களில்தான் இருக்கிறது.

புதிதாக இந்தப் பைத்தியம் பிடித்தவர் கடைக்குக் கடை ஏறி, “ராஜ்தூத் 350-க்கு பிஸ்டன் இருக்கா?” என்று கேட்பார். இல்லை என்று கை விரிப்பார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர் வண்டியின் பெயரையே எடுக்க மாட்டார். அளவைச் சொல்லிக் கேட்பார். பெயருக்கு ஊரும் எல்லையும் உண்டு; அளவுக்குக் கிடையாது.

அந்த அளவின் குலவரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1970-ல் யமஹா ‘ஆர் 5’ என்றொரு 350 சி.சி. வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 64 × 54 அங்கேதான் ஆரம்பம். 1973-ல் அதே எஞ்சினுக்கு ரீட் வால்வும் ஆறு கியரும் கொடுத்து ஆர்.டி. 350 ஆக்கினார்கள். அதே வருடம் ரேஸ் டிராக்குக்கென்று தனியாக ஒரு தம்பி பிறந்தான். பெயர் டி.இஸட். 350. தண்ணீர் குளிர்ச்சி உண்டு, லைட்டும் ஹாரனும் கிடையாது. அளவு மட்டும் அதே 64 × 54.

அந்தத் தம்பியின் மேல் ஏறித்தான் ஃபின்லாந்துக்காரர் யார்னோ சாரினென் 1973 மார்ச்சில் அமெரிக்காவின் டேடோனா 200 மைல் பந்தயத்தை வென்றார். எதிரே நின்றவை 750 சி.சி. வண்டிகள். இரண்டே மாதத்தில், மே 20 அன்று, இத்தாலியின் மோன்ஸா டிராக்கில் நடந்த விபத்தில் சாரினென் இறந்துபோனார். அடுத்த வருடம் யமஹாவுக்கு மாறிய ஜியாகோமோ அகோஸ்டினி 350 பிரிவின் உலகப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அதே 1974-ல் டேடோனாவையும் அவரே வென்றார். அப்போது அவர் ஓட்டிய டி.இஸட். 700-ன் நாலு சிலிண்டரையும் அளந்து பாருங்கள்: 64 × 54. இரண்டு 350-ஐ ஒட்டவைத்தால் வருகிற 694 சி.சி.

ஃபரிதாபாத்துக்கு வந்தது இந்த வம்சத்தின் மூத்த கிளை. காற்றுக் குளிர்ச்சி ஆர்.டி. 350-க்கு யமஹா 1976-லேயே ஓய்வு கொடுத்துவிட்டது, ஆர்.டி. 400 அந்த இடத்துக்கு வந்தது. 1983-ல் மேல்நாட்டுக்காரர்கள் தண்ணீர் குளிர்ச்சியும் பவர் வால்வும் உள்ள புது 350-ஐ ஓட்டிக்கொண்டிருந்தபோது, நமக்கு இறங்கியது ஜப்பானில் ஓய்வுபெற்றுவிட்ட மாடல். அதையும் அப்படியே கொடுக்கவில்லை. முன் சக்கர டிஸ்க் பிரேக் போய் டிரம் வந்தது. 39 குதிரைசக்தி 30.5 ஆனது. இதை ‘ஹெச்.டி.’ என்பார்கள். மைலேஜ் போதாது என்ற கூக்குரலுக்குப் பிறகு வந்த ‘எல்.டி.’யில் 27 தான். இன்றைக்கும் ஆர்.டி. விற்கப் போனால் எதிராளி கேட்கும் முதல் கேள்வி, “ஹெச்.டி.யா, எல்.டி.யா?”

குறைத்துக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதுதான் ஆர்.டி. பிரியர்களின் நாற்பது வருட வேலை.

*

அந்த வேலைக்குக் காக்ஸ் டவுன் பக்கம் ஆள் எப்படிச் சேர்ந்தது? 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பிரிட்டிஷ் படை பெங்களூருக்கு இடம் மாறி, கண்டோன்மென்ட் உருவானது. படையோடும் படையின் பின்னாலும் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வீரர்களுக்குச் செல்லப் பெயரே ‘தம்பி’. கண்டோன்மென்ட் விரிந்தபோது உருவான பேட்டைகளில் ஒன்றுக்கு, சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனின் கலெக்டராக இருந்த ஏ.ஆர். காக்ஸின் பெயரை வைத்தார்கள். பிற்பாடு சர்வக்ஞநகர் என்று பெயர் மாற்றியும் ஆட்டோக்காரருக்கு அது காக்ஸ் டவுன்தான்.

பட்டாளம் போட்ட அடித்தளத்தின் மேல் தொழிற்சாலைகள் எழுந்தன. 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். விமானமும் டெலிபோனும் கைக்கடிகாரமும் செய்த ஊர். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைகளின் வாரிசுகள் லேத் போட்டார்கள், போரிங் மெஷின் போட்டார்கள், மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தார்கள்.

புது பார்ட்ஸுக்கு ஜே.சி. ரோடு. டூல்ஸுக்கு எஸ்.ஜே.பி. ரோடு. பிரித்துப் போட்ட வண்டிகளுக்குச் சிவாஜி நகர். அங்கும் இல்லையென்றால் ராத்திரி ரயிலேறிச் சென்னை புதுப்பேட்டை. அதற்கும் மசியாவிட்டால் டெல்லி கரோல் பாக். ஆர்.டி.க்காரர்களின் தேடல் மாமூலாக இந்த வழியில்தான் போகும்.

வாங்கி வந்தால் மட்டும் போதுமா? ஒரு பட்டறையில் காதில் விழுந்த பேச்சு இது.

“அண்ணா, சிலிண்டரை போர் போட அனுப்பிடலாமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி வேணும்.”

“பிஸ்டன் எங்க?”

“வந்துட்டே இருக்குண்ணா. பார்சல்ல போட்டாச்சாம்.”

“வரட்டும் ராஜா. பிஸ்டனை அளந்துட்டுத்தான் போர். போரைப் போட்டுட்டு பிஸ்டன் தேடுறவன் ரெண்டு தடவை காசு குடுப்பான்.”

மேஸ்திரி சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்போது கால் மில்லிமீட்டர் படிகளில்தான் போவார்கள்: 64.25, 64.50, 64.75, 65. கடைசிப் படியில் எஞ்சின் 347-லிருந்து 358 சி.சி. ஆகியிருக்கும். அதற்கு மேல் கடைவதற்குச் சுவர் இடம் தராது. ஆக, ஒரு சிலிண்டர் பிளாக்குக்கு ஆயுள் நாலே படி. தவறாகக் கடைந்தால் ஒரு படி வீண். மற்றதெல்லாம் காசு கொடுத்தால் இன்றைக்கும் கிடைக்கும். பழுதில்லாத பிளாக் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடுகிற இடைவெளி தலைமுடிப் பருமன்கூட இருக்காது. அதிலும் எல்லா பிஸ்டனுக்கும் ஒரே இடைவெளி கிடையாது. வார்ப்பு பிஸ்டன் சூட்டில் கொஞ்சம் விரியும். ரேஸுக்கென்று அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் அதைவிட அதிகம் விரியும்; அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஃபோர்ஜ்டு பிஸ்டனை வரவழைத்து, உள்ளூர் போரிங் கடையில் வழக்கமான கணக்குக்குக் கடைய விட்டவர்கள் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே முறுக்குவார்கள். பிஸ்டன் சுற்றிலும் நாலு இடத்தில் சுவரைக் கவ்வி, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கிளட்சில் விரல் வைத்திருந்தவர் பிழைத்தார்.

அந்த வெளிநாட்டு பிஸ்டன் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் 64 × 54 மறுபடி கை கொடுக்கிறது. 1987-ல் யமஹா அமெரிக்காவில் ‘பான்ஷீ’ என்று ஒரு நாலு சக்கர மணல்மேட்டு வண்டியை விட்டது. உள்ளே இருந்தது தண்ணீர் குளிர்ச்சி 350-ன் எஞ்சின். போரும் ஸ்ட்ரோக்கும் அதேதான். அமெரிக்காவில் 2006 வரை விற்றார்கள். மணலில் பந்தயம் விடுகிறவர்கள் எஞ்சினை உடைத்துக்கொண்டே இருந்ததால், ரேஸ் பார்ட்ஸ் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அது நல்ல வியாபாரம். ஆர்.டி.யின் பெயர் மறைந்த பிறகும் உறவுக்காரன் தயவில் அந்த அளவுக்கு பிஸ்டன் செய்துகொண்டே இருந்தார்கள்.

உறவென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு சம்பந்தம் பேசக் கூடாது. விட்டம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. குறுக்கே போகும் பின்னின் பருமன் பார்க்க வேண்டும். பின்னிலிருந்து பிஸ்டன் தலைக்கு உள்ள உயரம் பார்க்க வேண்டும். ஆர்.டி. பிஸ்டனின் பின்பக்கப் பாவாடையில் இரண்டு ஜன்னல் வெட்டியிருக்கும். ரீட் வால்விலிருந்து வரும் பெட்ரோல் காற்று அதன் வழியே நுழையும். அந்த ஜன்னல் சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிராங்க் இன்னொரு கதை. நாலு சக்கரத் துண்டுகள், இரண்டு கனெக்டிங் ராட், நடுவே சீல், எல்லாவற்றையும் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்த ஒரே பொட்டலம். அதைப் பிரித்துப் புது ராட் ஏற்றி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றி, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். மேஸ்திரிகள் இதை ‘ட்ரூ’ பார்ப்பது என்பார்கள். மெயின் பேரிங் வாங்கும்போது எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. கடைசியில் சி3, சி4 என்று பொறித்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அது பேரிங்கின் உள்ளே விட்டிருக்கும் கூடுதல் இடைவெளி. அது இல்லாத பேரிங் சூட்டில் இறுகிவிடும்.

இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் விலையில் அற்பம், வினையில் பெரிசு. வலப்பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இடப்பக்க சீல் போனால் காற்றை உறிஞ்சும். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றும். பெட்ரோல் குறைந்த கலவையில் சூடேறி, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்போதுதான் சங்கதி புரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராங்க்கேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று எஞ்சின் நம்பர் அழித்ததை வாங்காதீர்கள். அது யார் வீட்டு வாசலிலிருந்து வந்தது என்று போலீஸ் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

*

பிஸ்டன் வந்தாயிற்று. கிராங்க் ட்ரூ பார்த்தாயிற்று. ரீட், சீல், பேரிங் எல்லாம் சேர்ந்தாயிற்று. ஆனாலும் சோழவரத்தின் பழைய விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களில் ஜனங்கள் கேட்ட அந்தக் கிறீச்சிடல் இந்த எஞ்சினிலிருந்து வராது. அதற்கு இன்னும் ஒன்று வேண்டும்: பட்டறைக்காரர்கள் ‘சேம்பர்’ என்று செல்லமாகச் சொல்லும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர்.

வாய் சிறுத்து, வயிறு பெருத்து, மறுபடி சிறுக்கும் தகரக் குழாய். இதை எந்தக் கடையிலும் தேட வேண்டாம். தகடு வெட்டி, கூம்பு கூம்பாகச் சுருட்டி, வெல்டு வைத்து உள்ளூரிலேயே செய்வார்கள். உள்ளே அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. வேலை செய்வது சத்தம். எரிந்த வாயு பாயும்போது கிளம்பும் ஒலி அலை, குழாயின் கோடிக் கூம்பில் மோதித் திரும்பி வருகிறது. சிலிண்டரிலிருந்து தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையை, வாசல் மூடும் முன்பு உள்ளே தள்ளிவிடுகிறது. நீளத்தில் விரற்கடை பிசகினாலும் வேகம் பிறக்கும் ஆர்.பி.எம். மாறிப்போகும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் கிழக்கு ஜெர்மனியின் ட்ஷோபாவ் ஊரில், எம்.இஸட். கம்பெனியில் இருந்த வால்டர் காடென். உலகப்போரின்போது பேனமுண்டே ராக்கெட் தளத்தில் வேலை பார்த்தவர். எரிக் வொல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மானியர் தன் ரேஸ் வண்டியில் மாட்டியிருந்த கூம்புக் குழாயைக் காடென் பார்த்தார். அலை எப்போது போய் எப்போது திரும்புகிறது என்று ஆசிலோஸ்கோப் திரையில் அளந்தார். வசதியில்லாத நாடு, தட்டுப்பாடான உலோகம். ஆனாலும் 1961-ல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைசக்தியைத் தொட்டது. லிட்டருக்கு 200 என்ற கணக்கில் அதற்கு முன் எந்த ரேஸ் எஞ்சினும் அவ்வளவு சக்தி கொடுத்ததில்லை.

ஜப்பானில் சுசுகிக்கு அந்த ரகசியம் தேவைப்பட்டது. அதுவரை ஒரு கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்தில்கூட அவர்கள் ஜெயித்ததில்லை.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழும்பத் தொடங்கியது. ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 17, ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட். 125 பிரிவின் உலகப் பட்டத்துக்கு முதலிடத்தில் நின்றவர் காடெனின் நம்பிக்கைக்குரிய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர். பந்தயத்தின் நடுவே அவருடைய எம்.இஸட். எஞ்சின் நின்றுபோனது. அங்கேயே பட்டத்தை உறுதி செய்யும் வாய்ப்பு கைநழுவியது. அதைவிடப் பெரிய இடி பிறகுதான் வந்தது: டெக்னர் அணியோடு ஊர் திரும்பவில்லை.

அடுத்த வாரம்: டெக்னர் எதை எடுத்துக்கொண்டு போனார், அவருடைய மனைவியும் பிள்ளைகளும் எல்லையைத் தாண்டியது எப்படி, அவர் போய்ச் சேர்ந்த சுசுகி 1984-ல் காக்ஸ் டவுனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓசூரில் வந்து இறங்கியது எப்படி?