பேதி மருந்தும் மலச்சிக்கலும்: கண்டிச் சான்றுகள் சில

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில், அந்நாட்டார் கையாண்ட பேதி மருந்தொன்றை விவரித்துள்ளார். சிங்களத்தில் 'தலுக்' எனப்படும் சதுரக்கள்ளியை வெட்டினால் வெண்பால் வடியும். முழு மிளகை அப்பாலில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் எடுத்துக் கழுவி, கொறுக்காய்ப் புளியுடன் நீரிற் காய்ச்சிப் பருகுவர், நன்கு பேதியாகும். கள்ளிப்பால் கொடிய நஞ்சென்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. மிளகைக் கழுவியெடுத்தது அந்நஞ்சை அளவோடு உட்கொள்ளும் உபாயம் போலும்.

இதனைக் கொண்டு அக்காலக் கண்டியில் மலச்சிக்கல் மலிந்திருந்தது எனத் துணிதல் பொருந்தாது. பித்தம் தணிக்கவும் தோல் நோய் தீர்க்கவுங்கூட ஆயுர்வேதமும் சித்தமும் பேதியை விதித்தன. மருந்தின் பெயரைக் கண்டதும் நோயைக் கண்டதாகக் கொள்வது வரலாற்று மாணவர் எளிதில் வழுக்கும் இடமாகும்.

இதற்குத் தக்க சான்று கண்டிக்கு வடக்கே மாத்தளைத் தோட்டங்களில் உண்டு. அங்கே 1916இல் றொக்பெல்லர் தாபனத்தின் உதவியுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளருக்குப் புழுக்கொல்லி மருந்தும், அதனோடு குடலைக் கழுவப் பேதியுப்பும் கொடுக்கப்பட்டன. மலச்சிக்கல் இருந்ததா என்பது அங்கே கேள்வியே அன்று. மலசலகூடமின்றி வெறுங்காலோடு நடந்த மண்ணிலிருந்து புழு மீண்டும் தொற்றியமையால், பேதி மட்டும் நிலைத்த பயன் தரவில்லை.

நாட்பட்ட மலச்சிக்கலை இனங்காணும் முறை வேறு. வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைவாக மலங்கழிதல், முக்குதல், மலம் இறுகுதல், முற்றாகக் கழியாத உணர்வு ஆகியன மாதக்கணக்கில் நீடிக்கின்றனவா என்றே மருத்துவர் வினவுவர். மலத்தில் இரத்தம், காரணமற்ற மெலிவு, சோகை என்பன இருப்பின் மேலும் ஆராய்வர். இன்றேல் நார்ப்பொருள், நீர், நடமாட்டம் என்பன முதலில் வரும், மலமிளக்கி பின்னர். உட்கொள்ளும் பிற மருந்துகளையும் கேட்டறிவர். கொழுக்கிப்புழு விளைத்த சோகைக்கும், இன்று கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையே பலருக்கு மலத்தை இறுக்கிவிடுகிறது.