கதவை அடைத்தவரே திறக்கச் சொன்னார்

1946 ஏப்ரல் முதல் தேதி. பிரிட்டிஷார் புதிதாக உருவாக்கிய மலாயன் யூனியனின் கவர்னராக எட்வர்டு ஜென்ட் பதவியேற்கக் கோலாலம்பூரில் எல்லாம் தயார். ஊரிலேயே, ரயில் நிலைய ஹோட்டலில் தங்கியிருந்த மலாய் சுல்தான்கள் மட்டும் விழாவுக்கு வரவில்லை. போனால் மக்கள் உங்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லி நிறுத்தி வைத்தவர் டத்தோ ஓன் ஜாபார். அப்போது அவர் ஜொகூரின் பத்து பகாட் மாவட்ட அதிகாரி.

ஓன், 1895இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். தந்தை ஜாபார் முகமது, ஜொகூரின் முதல் மந்திரி பெசார் (முதலமைச்சர்). அரண்மனை நிழலில் வளர்ந்தும் சிங்கப்பூரில் பத்திரிகை ஆசிரியராக இருந்து அந்த அரண்மனையையே விமர்சித்து எழுதினார். எழுத்தில் இருந்த சூடு பேச்சிலும் இருந்தது. ஜப்பானியர் சரணடைந்த பிறகு பத்து பகாட்டில் மலாய்க்காரர்களும் சீனர்களும் வெட்டிக்கொண்டபோது, ஆயுதங்களோடு திரண்டிருந்த கியாய் சாலே கூட்டத்தாரின் நடுவே போய் நின்று பேசியே அவர்களைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள்.

மலாயன் யூனியன் திட்டத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. சுல்தான்களின் ஆட்சியுரிமை பிரிட்டிஷ் முடிக்குப் போகும். பிற இனத்தாருக்குக் குடியுரிமை தாராளமாகக் கிடைக்கும். இங்கே பிறந்தவர்களும், போருக்கு முந்திய 15 ஆண்டில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்தவர்களும் குடிமக்கள். 1945 அக்டோபரில் இதற்கு முதலில் கையெழுத்திட்டவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம்தான். அடுத்த பிப்ரவரியில் ஜொகூர் பாரு பள்ளிவாசல் கூட்டத்தில் அவருக்கு எதிராகவே முழக்கம் எழுந்தது. மக்கள் அரசரை எதிர்த்துப் பேசுவது அந்த மண்ணுக்கு அதுவரை பழக்கமில்லாதது. ஓன் ஊர் ஊராகப் பேசினார், பத்திரிகைகளில் அறைகூவல் விடுத்தார். மார்ச்சில் கோலாலம்பூரில் 40க்கும் மேற்பட்ட மலாய்ச் சங்கங்கள் கூடின. மே 11ஆம் தேதி ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசார் அரண்மனையில் ஓன் தலைமையில் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்தது.

நம்மவர்களான மலாயாத் தமிழர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சயாம் மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் தோட்டங்களில் அரிசிக்கே திண்டாடினார்கள். நேதாஜியின் படையிலிருந்து வந்தவர்களின் கண் டெல்லியின் மீது இருந்தது. மலாயா இந்தியர் காங்கிரசான ம.இ.கா. அந்த ஆகஸ்ட்டில்தான் தொடங்கியது. தங்களுக்குக் குடியுரிமை தரவந்த திட்டத்துக்காக உரத்துக் குரல் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. பசித்த தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படித்த தலைவர்கள் பேசியிருக்க வேண்டும். மலாய்க்காரர்களின் எதிர்ப்பால் 1948 பிப்ரவரியில் யூனியன் போய் மலாயாக் கூட்டரசு வந்தது. குடியுரிமை விதிகள் இறுகின.

இனிமேல்தான் ஓனின் வாழ்க்கையில் என்னை வியக்க வைக்கும் பகுதி வருகிறது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் தொடங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் ஜொகூர் பாருவில் ஓனின் வீட்டிலேயே மலாய், சீனத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். 1949இல் அது சமூகங்களின் தொடர்புக் குழுவாக வளர்ந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான துரைசிங்கம். குடியுரிமை, பொருளாதாரம், கல்வி என்று மூடிய அறைக்குள் மனம்விட்டு விவாதித்தார்கள். அந்த வாதங்கள் ஓனை மாற்றின. நாடு விடுதலை பெற வேண்டுமானால் இங்கே வாழும் எல்லாரும் அதன் மக்களாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

அறையில் ஏற்றுக்கொண்டதை அவர் மேடையிலும் சொன்னார். 1950இல் குடியுரிமை விதிகளைத் தளர்த்தும் யோசனைக்கு அம்னோ முதலில் இணங்கவில்லை. அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். தொண்டர்கள் திரும்ப அழைத்தார்கள். அடுத்த ஆண்டு அம்னோவையே எல்லா இனத்தாருக்கும் திறந்துவிடச் சொன்னார். கட்சியின் பெயரில் மலாய் என்பது மலாயா ஆகட்டும் என்றார். காப்பிக் கடைகளில், பள்ளிவாசல் முற்றங்களில், பத்திரிகைகளில் அதே பேச்சு. துரோகி என்றுகூடத் திட்டினார்கள். 1951 ஆகஸ்ட்டில் அவர் வெளியேற, துங்கு அப்துல் ரகுமான் தலைவரானார்.

ஓன் செப்டம்பரில் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சிக்கு ம.இ.கா. துணை நின்றது. பலன் இல்லை. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் (ம.சீ.ச.) சேர்ந்த கூட்டு 12 இடங்களில் 9ஐப் பிடித்தது. ஓன் கட்சிக்கு 2. பின்னர் அவர் தொடங்கிய பார்ட்டி நெகாரா மலாய் உரிமைப் பேச்சுக்கே திரும்பியது; அந்தச் சறுக்கலை நான் மறைக்க விரும்பவில்லை. 1955 பொதுத் தேர்தலில் அதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. அம்னோ தலைமையிலான கூட்டணி 52இல் 51ஐ வென்றது. ஓன் ஜொகூர் பாருவிலேயே தோற்றார்.

ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. சுதந்திர நாளிலிருந்து இங்கே பிறப்பவர்கள் குடிமக்கள் என்று 1957 அரசியல் சட்டம் ஏற்றது. அதற்கு முன் வந்து, பதிவு செய்யாமல் விட்ட தோட்டத் தமிழர்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், ஆயிரக்கணக்கானோர் பிள்ளைகுட்டிகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1946இல் நாம் பேசாமல் இருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஓன் 1962 ஜனவரி 19ஆம் தேதி காலமானார். தந்தையோடு அம்னோவை விட்டு விலகிய மகன் உசேன் ஓன் 1968இல் அங்கே திரும்பி, 1976இல் நாட்டின் மூன்றாவது பிரதமரானார். அம்னோ இன்றும் மலாய்க்காரர்களின் கட்சிதான்.

(தொடரும்)