ஆசாரி பெட்டியில் ஒரு வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்தில் ஆசாரி வேலை பார்த்துக் காலமான ஒருவரின் குடும்பத்தார், லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு தாமானில் வாங்கிய வீட்டுக்குப் புறப்பட்ட நாளில் நாம் உடனிருந்தோம். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டுவிட்டது. கட்டில், அலமாரி, சாமி படங்கள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. குசினி மூலையில் ஒரு பலகைப் பெட்டி மட்டும் மிச்சம். பழைய இரும்பு வாங்குகிறவர் தராசுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பெட்டிக்குள் நான்கைந்து உளிகள், ஒரு கொட்டாப்புளி, பல் தேய்ந்த ரம்பம். அவற்றின் அடியில், வளைந்த உடலும் மரக் குமிழும் கொண்ட ஓர் இரும்புக் கருவி கிடந்தது.

"இது என்னங்க, பழைய லாரி ஸ்டார்ட் பண்ற கம்பியா?" என்று பேரப்பிள்ளை நம்மைக் கேட்டான்.

"அது உன் தாத்தாவோட பிரேஸு, தம்பி. மரத்துல தொளை போடுறது. ஒருத்தரையும் தொட விடமாட்டாரு" என்றார் பாட்டி.

பையன் மீது குற்றமில்லை. அவன் கண்ட துளைக்கருவி மின்சாரத்தில் ஓடுவது. ஆனால், கிலோக் கணக்கில் தராசு ஏற இருந்த அந்தக் கருவிக்குப் பின்னால் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

மரத்தில் துளையிடுவது சிறிய காரியம் போலத் தோன்றும். இரும்பு ஆணி மலிவாகக் கிடைக்காத காலத்தை எண்ணிப் பாருங்கள். மரத்தோடு மரத்தை இணைக்க வேண்டுமானால் துளையிட்டு, அதில் மர முளையை அடித்து இறுக்க வேண்டும். கப்பலும் வண்டியும் கூரையும் துளையை நம்பியே நின்றன. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட ஓவியத்தில், தச்சர்கள் வில்லைக் கொண்டு துளையிடும் காட்சி இருக்கிறது. நம் முன்னோர் வாழ்ந்த தமிழ்நாட்டிலும் ஆசாரிமார் இதே முறையைக் கையாண்டார்கள். துரப்பணம், தமரூசி என்ற பெயர்கள் துளைக்கருவிக்குத் தமிழில் நெடுங்காலமாக உண்டு.

வில்லின் கயிற்றைத் துரப்பணத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். இதில் ஒரு குறை உண்டு. இழுக்கும்போது வலப்பக்கம் சுற்றினால், தள்ளும்போது இடப்பக்கம் சுற்றும். முனை மரத்தைச் சுரண்டுமே தவிர, ஒரே திசையில் சீவிக்கொண்டு உள்ளே போகாது. சிறு துளைக்கு அது போதும். ஓர் அங்குலத் துளைக்கு ஆகாது. பெரிய துளைக்குக் குறுக்குக் கட்டை போட்ட தமரை இரண்டு கையாலும் திருப்புவார்கள். அரைச் சுற்று திருப்பி, கையை எடுத்து, மறுபடியும் பிடித்து அரைச் சுற்று. நாள் முழுதும் அதைச் செய்தவனின் தோளை நினைத்துப் பாருங்கள்.

பிரேஸ் இந்த நிறுத்தலை ஒழித்தது. அதன் தண்டு நடுவில் ஒரு பக்கமாக வளைந்து வெளியே வந்து, மீண்டும் நேர்கோட்டுக்குத் திரும்புகிறது. மேல் குமிழை ஒரு கையாலோ நெஞ்சாலோ அழுத்திக்கொண்டு, வளைவை மறு கையால் சுற்றிக்கொண்டே இருக்கலாம். கையை எடுக்கவே வேண்டாம். சக்கரம் போல ஓயாத சுழற்சி!

1420களை ஒட்டி ஐரோப்பிய ஓவியங்களில் இந்தக் கருவியை நாம் தெளிவாகக் காண்கிறோம். பெல்ஜிய நாட்டுப் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் காம்பின் என்ற ஓவியரின் பட்டறையில் உருவான ஒரு பலகை ஓவியம், இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. அதில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர் தமது பட்டறையில் அமர்ந்து, ஒரு பலகையில் வரிசையாகத் துளையிடுகிறார். கையில் இருப்பது பிரேஸ்தான். பக்கத்து மேசையில் ஓர் எலிப்பொறியும் இருக்கிறது. வேலைக்கு நடுவே எலிப்பொறி செய்து கொடுப்பது நம் தோட்டத்து ஆசாரிகளுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல போலும்!

வளைவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சாதாரண பிரேஸில் கை சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 10 அங்குலம். அதாவது நடுவிலிருந்து கை 5 அங்குலம் தள்ளி நிற்கிறது. ஓர் அங்குலத் துளையின் விளிம்போ நடுவிலிருந்து அரை அங்குலம். ஆகவே கை கொடுக்கும் விசை, வெட்டும் விளிம்பில் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மெலிந்த கை உடையவரும் கெட்டி மரத்தைத் துளைத்தது இதனால்தான்.

ஆனால் பழைய பிரேஸ் முழுதும் மரத்தால் ஆனது. மரத்தின் பலம் அதன் இழை ஓடும் திசையில்தான் இருக்கிறது. வளைவு செதுக்கும்போது சில இடங்களில் இழை குறுக்கே வெட்டுப்படும். அழுத்தித் திருப்பினால் அங்கேதான் முறியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துத் தொழிலாளர்கள் அந்த இடங்களில் பித்தளைத் தகடு பதித்துப் பலப்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லியம் மார்ப்பிள்ஸ் என்பவர் முழுப் பித்தளைச் சட்டத்தில் கருங்காலி மரத்தை நிரப்பி, 'அல்டிமேட்டம்' என்ற பெயரில் விற்றார். கருமையும் பொன்னிறமும் கலந்த அழகான பொருள். இன்று சேகரிப்போர் போட்டி போட்டு வாங்குவதும் அதைத்தான். நம்மைக் கேட்டால், அது ஆசாரியின் பெருமைக்கு ஏற்ற கருவி. அவருடைய வருமானத்துக்கு ஏற்ற கருவி அல்ல.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. துளையிடும் பிட்டைப் பிரேஸின் வாயில் எப்படி இறுக்கிப் பிடிப்பது? தொடக்கத்தில் ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனி மரக்கட்டை செதுக்கி, அதைப் பிரேஸின் குழியில் செருகினார்கள். பத்து அளவுக்குப் பத்துக் கட்டை. ஒரு கடையில் வாங்கிய பிட் இன்னொரு கடைப் பிரேஸில் பொருந்தாது. அமெரிக்காவில் 1859ஆம் ஆண்டில் ஸ்பஃபர்டு என்பவர், வாயை இரண்டாகப் பிளந்து, ஒரு திருகால் இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1864ஆம் ஆண்டில் பார்பர் என்பவருடைய காப்புரிமை வந்தது. உள்ளே இரண்டு தாடைகள். வெளியே மரை போட்ட ஓர் உறை. உறையைக் கையால் திருகினால் தாடைகள் பிட்டின் சதுர வாலைக் கவ்விக்கொள்ளும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1868இல் தோன்றிய மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனம் அதைப் பெருமளவில் செய்து விற்றது. பிறகு உலகெங்கும் செய்த இரும்புப் பிரேஸ்களில் பெரும்பாலானவை இந்த வகைப் பிடியையே பின்பற்றின. அந்தப் பலகைப் பெட்டியில் கிடந்ததும் இதே வகைதான்.

பிட்டும் இதற்கிடையே மாறியது. ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர் 1855இல் இரட்டை முறுக்குப் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1884இல் இர்வின் என்பவர் பெயரில் வேறு வகை வந்தது. நடுவில் கெட்டியான தண்டு, அதைச் சுற்றி ஒற்றை முறுக்கு. இவற்றின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று வேலைக்காரர்கள் தெரிவார்கள். நடுவிலுள்ள சிறு திருகு மரத்தில் ஏறி, பிட்டைத் தானே உள்ளே இழுக்கும். ஓரத்துப் பற்கள் வட்டமாகக் கீறும். அவற்றின் பின்னே வரும் அலகுகள் கீறிய வட்டத்துக்குள் சீவி எடுக்கும். சீவல் முறுக்கின் வழியே தானே மேலே ஏறி வெளியே விழும். பிட்டின் வாலில் 8 என்று பொறித்திருந்தால் அங்குலத்தில் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலம் என்று பொருள். 4 முதல் 16 வரை 13 பிட்டுகள் ஒரு முழு வரிசை. நாம் பார்த்த பெட்டியில் ஆறு இருந்தன. ஒன்றில் ஷெஃபீல்டு என்ற முத்திரை துருவுக்கு அடியிலும் தெரிந்தது.

மின் துளைக்கருவியும் புதியது அல்ல. துப்பாக்கிப் பிடி வைத்த கருவிக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இலேயே காப்புரிமை பெற்றுவிட்டது. ஆனால் தோட்டத்து எஞ்சின் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடி லயங்களுக்கு வெளிச்சம் தந்த நாட்களில், பகல் வேலைக்கு அதனால் என்ன பயன்? படுக்கைக் கட்டை, மேசை, தூளிக் கட்டை, பள்ளிப் பெஞ்சு ஆகியவற்றின் துளைகளைக் கைதான் போட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். தராசில் போடுவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். தலைக் குமிழ் தடையின்றிச் சுழல்கிறதா? உறையைத் திருகினால் தாடைகள் திறந்து மூடுகின்றனவா? பிட்டை மாட்டிச் சுற்றும்போது அது நேராக நிற்கிறதா, தள்ளாடுகிறதா? தள்ளாடினால் உடல் வளைந்திருக்கிறது. வாய்க்கு மேலே ராட்செட் இருந்தால் இரு பக்கமும் 'டிக் டிக்' என்று சத்தம் வர வேண்டும். முழு வட்டம் சுற்ற இடமில்லாத சுவர் மூலையில் அரை வட்டமாக ஆட்டி ஆட்டித் துளைக்க உதவுவது அதுவே.

துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்தால் போதும். தையல் இயந்திர எண்ணெய் நான்கு சொட்டு விடுங்கள். சாணை பிடிக்கும் சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள்! பெயரும் ஊரும் ஆண்டும் அந்த மேற்பரப்பில்தான் இருக்கின்றன. பொறித்த ஆண்டு காப்புரிமை ஆண்டு. கருவி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். பிட்டைத் தீட்டும்போது ஓரத்துப் பல்லின் உட்பக்கத்தை மட்டும் சிறு அரத்தால் தொடுங்கள். வெளிப்பக்கம் தேய்ந்தால் கீறும் வட்டம் சிறுத்து, பிட் துளையிலேயே சிக்கிக்கொள்ளும். இதைப் படித்துவிட்டுப் பெரும் பணம் கிடைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். சாதாரண இரும்புப் பிரேஸ்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன, விலை குறைவுதான்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டோமே. உளியும் ரம்பமும் தராசில் ஏறின. பிரேஸும் ஆறு பிட்டுகளும் பாட்டியின் மடியில் லாரியின் முன்னிருக்கையில் போயின. இரண்டு வாரம் கழித்து நாம் புது வீட்டுக்குப் போனபோது, பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு நிலையில் துளை வேண்டியிருந்தது. நிலை செங்கால் மரம். இரும்பைப் போலக் கெட்டி. பேரன் 8ஆம் எண் பிட்டை மாட்டி, குமிழை நெஞ்சில் வைத்துச் சுற்றத் தொடங்கினான். முதலில் வழுக்கியது. "நேரா நில்லு, அவசரப்படாதே" என்றார் பாட்டி. திருகின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். அதற்கு மேல் சுற்றினால் மறுபக்கம் பிய்ந்துவிடும். வெளியே போய் அந்தப் புள்ளியிலிருந்து திரும்பத் துளைக்க வேண்டும். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம்.

"அவரு தொளை போடுறப்ப பலகையைப் பிடிச்சுக்கிட்டது யாருன்னு நெனைச்சீங்க?" என்று சொல்லிவிட்டு, சீவலைக் கூட்ட விளக்குமாற்றை எடுத்துவரப் போனார்.