கழுகும் கயலும்: மன்றோ குலமும் கண்ணன் தேவன் மலைக் குத்தகையும்

1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரசர் கேரள வர்மா, ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். பிணைத்தொகை 5,000 ரூபாய். இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையில் பரந்துள்ள மூணாறுத் தேயிலைத் தோட்டங்களின் தொடக்கம் இவ்வாவணமே. இது பெரும்பாலும் தோட்டத்தொழில் வரலாறாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஆவணத்தின் இருபுறமும் நிற்கும் பெயர்களைக் கவனித்தால், குலமரபு நிலவுரிமையாக மாறிய வரலாறும் அதில் தென்படும்.

மன்றோ என்பது ஸ்காட்லாந்தின் வடபகுதியில், ஃபவுலிஸ் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட குலத்தின் பெயர். 11ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்த ஒருவரே குலமுதல்வர் என்பது மரபுக்கதை. ஆவணங்களின் துணையுடன் பேசத்தக்க வரலாறு, 1369இல் இறந்த ராபர்ட் என்னும் தலைவரின் காலத்திலிருந்தே கிடைக்கிறது. ஃபவுலிஸ் நிலத்துக்காக இக்குலம் அரசருக்குச் செலுத்த வேண்டிய வாரம் குறித்து ஒரு வழக்குண்டு: நடுக்கோடையில் அரசர் கேட்டால் ஒரு பனி உருண்டை தர வேண்டும். அருகிலுள்ள பென் வைவிஸ் மலையின் பள்ளங்களில் கோடையிலும் பனி எஞ்சியிருக்கும் என்பதால், செலுத்த முடியாத வாரம் அன்று. மலையுரிமைக்கு வாரம் என்பது பல நேரங்களில் மேலாண்மையை ஒப்புக்கொள்ளும் சடங்கே. 3,000 ரூபாயை மதிப்பிடும்போதும் இதனை நினைவிற்கொள்ளலாம்.

இக்குலத் தலைவரின் கேடயத்தில் பொன்னிறப் பின்புலத்தில் சிவப்புக் கழுகுத்தலை. முடிச்சின்னம் அமர்ந்திருக்கும் கழுகு. குறிக்கோளுரை ‘இறைவனுக்கு அஞ்சு’. போர்முழக்கமோ ‘ஃபவுலிஸ் கோட்டை எரிகிறது’ என்பது. தீ மூட்டி வீரர்களைத் திரட்டிய வழக்கத்தோடு இதனைத் தொடர்புபடுத்துவர்.

‘கிளான்’ என்னும் கேலிக் சொல்லுக்குப் பிள்ளைகள், சந்ததி என்று பொருள். பாலக்காட்டு எல்லையை அடுத்த கொங்குப் பகுதியினருக்கு இக்கருத்து அயலானதன்று. காடைக் கூட்டம், ஆந்தைக் கூட்டம் எனப் பறவைப் பெயர் தாங்கிய கூட்டங்கள் அங்கு உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது. காடைக் கூட்டத்தில் பிறந்த எவருக்கும் அப்பெயர் உரியது. ஸ்காட்லாந்தின் சட்டப்படி கேடயச் சின்னமோ தனி ஒருவரின் உடைமை. 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சின்னங்களுக்கெனப் பொதுப் பதிவேடு ஏற்பட்டது. அதனைப் பேணுபவர் லார்ட் லயன் என்னும் அலுவலர். குலத்தோர், தலைவரின் முடிச்சின்னத்தை வார்ப்பட்டை வளையத்துக்குள் பொறித்து அணியலாம். அந்த வார்ப்பட்டை ‘நான் தலைவரைச் சார்ந்தவன்’ என்பதற்கான அடையாளம். ‘மன்றோ குலச்சின்னம்’ என்று நினைவுப்பொருள் கடைகளில் விற்கப்படும் கேடயம், உண்மையில் தலைவர் ஒருவருக்கே உரியது.

சின்னம் ஒருவரிடம் நின்றது. பெயர் கடல் கடந்தது. நோவார் கிளையைச் சேர்ந்த ஹெக்டர் மன்றோ 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார்; ஃபவுலிசுக்கு அண்மையிலுள்ள ஃபைரிஷ் குன்றின்மேல் நாகப்பட்டினக் கோட்டை வாயிலை நினைவூட்டும் கற்சின்னம் ஒன்றையும் எழுப்பினார். டெனினிக் கிளையைச் சேர்ந்த கர்னல் ஜான் மன்றோ 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரின் ரெசிடென்ட். இடையில் திவானாகவும் இருந்தார். கொல்லம் மாவட்டத்து மன்றோ துருத்து அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டு தலைமுறைகளுக்குப் பின் பூஞ்சாறு அரசர்முன் வந்த மன்றோவுக்கு, அப்பெயரே ஓர் அறிமுகமாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

எதிர்ப்புறத்திலும் குலப்பெருமைக்குக் குறைவில்லை. மதுரையிலிருந்து மலை கடந்து வந்த பாண்டியரின் வழித்தோன்றல்கள் என்பது பூஞ்சாறு அரச குடும்பத்தின் மரபு. மதுரை மீனாட்சிக்குப் பூஞ்சாற்றில் கோயில் உண்டு. பாண்டியர் காசுகளிலும் முத்திரைகளிலும் பொறித்த கயலை எந்தப் பதிவேடும் காக்கவில்லை. அச்சின்னத்தின் சட்டம் ஆட்சியே, ஆட்சி போனபின் எஞ்சியது நினைவு. அந்நினைவோடு வழிவழியாகக் கைக்கொண்ட மலையுரிமையே 1877இல் குத்தகைக்குப் போயிற்று.

மதுரையிலிருந்து வந்தவர்கள் தாங்களே என்று சொல்லும் மூன்றாவது மக்களும் அம்மலைகளில் உள்ளனர். குழந்தைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றதாக அவர்கள் கூறுவர். அவர்களிடையேயும் கூட்டங்கள் உண்டு. தாய்வழியே வருபவை, தம்முள் மணவுறவு கொள்ளாதவை. ‘கண்ணன் தேவன்’ என்னும் பெயரே அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவருடையது என்ற கருத்தும் வழங்குகிறது. மூன்று மரபுக்கதைகளும் இடப்பெயர்வையே சொல்கின்றன. மலையை எழுத்தில் கைமாற்றும் அதிகாரம் மட்டும் இருவரிடம் இருந்தது.

1899இல் பூஞ்சாற்றின் உரிமைகள் திருவிதாங்கூர் அரசுக்குச் சென்றன. மன்றோவின் குத்தகை, கிளாஸ்கோவின் ஃபின்லே நிறுவனத்தார் 1897இல் தொடங்கிய கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனத்திடம் சேர்ந்தது. கேரள அரசு 1971ஆம் ஆண்டு மீட்புச் சட்டத்தின்வழி அந்நிலங்களை எடுத்துக்கொண்டபோது நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. பூஞ்சாறு அரசர் கொண்டிருந்த உரிமையின் தன்மை என்ன என்பது அங்கு ஆராயப்பட்டது. 1972இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. வழக்கின் தரப்பினர் நிறுவனமும் மாநில அரசும்.