சீராய்வு மனு

சீராய்வு மனு என்பது ஒரு நீதிமன்றம் தான் வழங்கிய தீர்ப்பையோ ஆணையையோ மீண்டும் ஆராயுமாறு அதே நீதிமன்றத்திடம் அளிக்கப்படும் மனு ஆகும். மறுஆய்வு மனு எனவும் அழைக்கப்படும். கீழமை நீதிமன்ற ஆணையை உயர் நீதிமன்றம் ஆராயும் வேறொரு நடைமுறையையும் 'சீராய்வு' என்றே குறிப்பிடும் வழக்கம் இருப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. இக்கட்டுரை இந்தியாவில் முன்னதைப் பற்றியது.

சட்ட அடிப்படை

உரிமையியல் வழக்குகளில் 1908 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவும் கட்டளை 47 உம் இதற்கு வழிசெய்கின்றன. உச்ச நீதிமன்றத்துக்கு இவ்வதிகாரத்தை அரசியலமைப்பின் 137 ஆம் உறுப்பு அளிக்கிறது. குற்றவியல் வழக்குகளில் பிற நீதிமன்றங்கள் கையொப்பமிட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் பொதுவாக மாற்ற இயலாது.

மனுவைத் தயாரித்தல்

கட்டளை 47 மூன்று காரணங்களை ஏற்கிறது. உரிய முயற்சி எடுத்தும் முன்னர் கிடைக்காத புதிய, முக்கியமான சான்று. ஆவணத்தைப் பார்த்த அளவிலேயே புலப்படும் பிழை. இவற்றையொத்த போதிய காரணம். இரண்டாவதிலேயே பெரும்பாலான மனுக்கள் தோற்கின்றன எனலாம். நீண்ட வாதத்தால் மட்டுமே நிறுவக்கூடிய பிழை 'புலப்படும் பிழை' ஆகாது. ஆகவே முன்பு தோற்ற வாதத்தை வேறு சொற்களில் எழுதுவது பயன் தராது. தீர்ப்பின் எந்தப் பத்தியில், எந்த ஆவணத்துக்கு மாறாக, எது பிழைபட்டது என்று சுட்டுவதே மனுவின் உயிர். தீர்ப்புக்கு அடிப்படையான சட்டக் கருத்தைப் பின்னாளில் மேல் நீதிமன்றம் வேறொரு வழக்கில் மாற்றியதும் காரணமாகாது.

உச்ச நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள் மனு தாக்கல் செய்யப்பட வேண்டும். தாமதமானால் அதைப் பொறுத்தருளக் கோரும் தனி மனு தேவை. மனு தாக்கலானதாலேயே மூலத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படுவதில்லை. தடை ஆணையைத் தனியே கோர வேண்டும். இயன்றவரை அதே நீதிபதிகள், வாய்மொழி வாதமின்றி, தம் அறையிலேயே மனுவைப் படித்து முடிவு செய்வர். எனவே எழுதப்பட்டதே மனுதாரரின் முழுக் குரல். ஒரே வழக்கில் இரண்டாம் சீராய்வு மனுவுக்கு விதிகள் இடமளிப்பதில்லை. 2002 இல் ரூபா அசோக் ஹுரா வழக்கில் உருவான குறைதீர் மனு மட்டுமே எஞ்சும்.

மரண தண்டனை வழக்குகள்

2014 இல் முகமது ஆரிப் வழக்கில், மரண தண்டனைச் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளேனும் வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு வழக்குகள் இரண்டு இதன் விளைவைக் காட்டுகின்றன. மூன்று மாணவிகள் உயிரிழந்த 2000 ஆம் ஆண்டு தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில் மூவரின் மரண தண்டனை 2010 இல் உறுதியாகி, 2016 இல் சீராய்வில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

கடலூர் மாவட்டத்தில் 2009 இல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் முதல் சீராய்வு மனு 2013 இல் தள்ளுபடியானது. மேற்கண்ட தீர்ப்பால் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2023 மார்ச்சில் குற்றத் தீர்ப்பு நிலைநிறுத்தப்பட்டது. தண்டனையோ தளர்வின்றி 20 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. தண்டனையைத் தணிக்கத்தக்க சூழ்நிலைகளை எந்த நீதிமன்றமும் முறையாக ஆராயவில்லை என்பதும், இறந்தது ஒரே ஆண்பிள்ளை என்பதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகக் கொண்டது தவறு என்பதும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்டன.