கருங்காய்ச்சலும் குளோபுலினும்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரிக்கு ஒரு வகை நோயாளிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் விடாத ஜுரம், விலாவின் கீழிருந்து புறப்பட்டுத் தொப்புளையும் தாண்டி இறங்கிய மண்ணீரல், குச்சியாய் மெலிந்த கைகால்கள், நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போகும் சருமம் ஆகிய லட்சணங்களைக் கண்ட வைத்தியர்கள், மலேரியா என்று எண்ணிக் கொயினாவைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், ஜுரம் இறங்கவில்லை. இன்று ஜார்ஜ் டவுன் என்று வழங்கும் நெரிசலான பகுதியில் குடியிருந்த ஏழைகள் பலர் இவ்விதம் வந்து, சில மாதங்களிலோ ஓரிரு வருஷங்களிலோ வயிற்றுப்போக்கினாலும் நிமோனியாவினாலும் மாண்டுபோனார்கள். அவர்களுக்கு வந்திருந்தது, வடக்கே காலா அசார் என்று பெயர்பெற்ற கருங்காய்ச்சல்.

வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் இந்த வியாதி அதற்கு முன்பே பெரும் நாசத்தை விளைவித்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காரோ மலைகளின் அடிவாரத்தில் தலைகாட்டி, பிரம்மபுத்திரா நதியோரமாக வருஷத்துக்குச் சில மைல் என்ற கணக்கில் கிராமம் கிராமமாக நகர்ந்து, நௌகாங் ஜில்லாவில் விளைநிலங்களைத் தரிசாக்கும் அளவுக்குக் குடிகளைக் கொண்டுபோயிற்று. அதை ஆராயச் சென்ற கைல்ஸ் என்ற வைத்தியர் கொக்கிப் புழுவின் வேலை என்றார். லெனார்ட் ராஜர்ஸ் அது மலேரியாவின் கடுமையான ரூபம் என்றார். மலேரியாக் கொசுவைக் கண்டறிந்த ரொனால்டு ராஸும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்துருவைத் தெரிந்த சத்துருக்களின் பெயரால் அழைப்பது எந்தச் சாஸ்திரத்திலும் நடப்பதுதான். ஆகையால் அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

1903-ஆம் ஆண்டு மே மாதத்தில், டம்டம்மிலிருந்து நோயுடன் திரும்பி இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணிய உருவங்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் எழுதினார். அதே ஆண்டு ஜூனில், சென்னை வைத்தியக் கல்லூரிப் பேராசிரியரும் பொது ஆஸ்பத்திரி வைத்தியருமான சார்லஸ் டானவன், பிரேத பரிசோதனைகளில் எடுத்த மண்ணீரல் பூச்சுகளில் அதே உருவங்களைக் கண்டார். பின்னர் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தத்திலும் அவற்றைக் கண்டு, இவை இறந்த உடலின் சிதைவால் தோன்றியவை அல்ல, உயிருள்ள ஒட்டுண்ணிகளே என்பதை நிலைநாட்டினார். லீஷ்மேனியா டானவனி என்று ராஸ் அதே ஆண்டின் இறுதியில் இட்ட பெயரில் இருவருடைய பெயரும் நின்றன. உலகத்து வைத்திய நூல்கள் எல்லாவற்றிலும் அச்சாகும் அந்தப் பெயரின் பாதி சென்னையில் சம்பாதிக்கப்பட்டது என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

கிருமி கிடைத்துவிட்டது, ஆனால் நோயைக் கண்டறிவது எளிதாகவில்லை. மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி ஒரு துளி எடுத்து, சாயமேற்றி, நல்ல மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துத் தேடவேண்டும். இரத்தம் உறைவதே குன்றிப்போன நோயாளிக்கு, வீங்கி மிருதுவாகிவிட்ட மண்ணீரலைக் குத்துவதால் உள்ளே இரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்து நேரலாம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தேர்ந்த கையால் செய்யத்தக்க இந்தக் காரியத்தை, ஆற்றைக் கடந்து மாட்டுவண்டியில் போய்ச் சேரவேண்டிய ஒரு கிராமத்து மருந்தகத்தில் யார் செய்வது? நோயோ அந்தக் கிராமத்தில்தான் இருந்தது.

இங்கேதான் நம் சரித்திரத்தில் குளோபுலின் பிரவேசிக்கிறது. மனித இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து அசையாமல் வைத்தால், அது உறைந்து சுருங்க, மேலே இளமஞ்சள் நிறத்தில் ஒரு தெளிநீர் பிரியும், அதுவே சீரம். அதில் கரைந்துள்ள புரதங்களை 19-ஆம் நூற்றாண்டு ரசாயனிகள் இரண்டு பெரும் வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள்: சுத்த நீரிலும் சுகமாகக் கரைந்திருப்பது ஆல்புமின், கொஞ்சம் உப்பின் துணை இருந்தால் மட்டுமே கரைந்திருந்து, உப்பு குறைந்தால் வெண்மையாய்ப் பிரிந்து விழக்கூடியது குளோபுலின். ஆரோக்கியமான தேகத்தில் ஆல்புமினே மிகுதி. குளோபுலின் அதற்கு இளையது. காலா அசார் பற்றியவனுடைய இரத்தத்தில் இந்த விகிதம் தலைகீழாகிவிடுகிறது. ஆல்புமின் தேய, குளோபுலின் பெருகி அதை மிஞ்சி நிற்கிறது.

இதை நோயறியும் கருவியாக்கலாம் என்று கண்டவர் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. ரசாயனத்தில் எம்.ஏ. பட்டமும் வைத்தியத்தில் எம்.டி. பட்டமும் பெற்ற அவர், இரத்தத்தின் சிவப்பணுக்கள் எவ்வாறு சிதைகின்றன என்பதைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக்காக 1904-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆகவே இரத்தத்தைக் காய்ச்சி வடித்த நீரோடு சேர்த்து என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவருக்குப் பல வருஷப் பழக்கம். நோயாளியின் சீரத்தைக் காய்ச்சி வடித்த நீரோடு சேர்த்தால், உப்பின் செறிவு குறைந்து, பெருகியிருந்த குளோபுலின் வெண்ணிறமாய்த் திரண்டு காட்டிக்கொடுப்பதை 1917-ஐ ஒட்டிய காலத்தில் அவர் வைத்தியச் சோதனையாக எடுத்துரைத்தார். அதற்கு வேண்டியவை ஒரு கண்ணாடிக் குழாயும் சுத்தமான நீருமே. பின்னால் யூரியா ஸ்டிபமைன் என்ற ஆன்டிமனி மருந்தை அவர் கண்டுபிடித்து, நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கொன்றுவந்த நோயில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்க வழி செய்ததால், அந்தப் பெரும் புகழின் நிழலில் இந்தச் சிறு சோதனை மறைந்துவிட்டது. எரிவாயுவும் தண்ணீர்க் குழாயும் இல்லாத காம்பெல் ஆஸ்பத்திரியின் ஒரு சிறிய அறையில், இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அந்த மருந்துக்காக உழைத்தவர் அவர். வசதியற்ற இடத்தில் வேலை செய்தவருக்கே வசதியற்ற இடத்துக்கு ஏற்ற சோதனை தோன்றியது என்று நான் நம்புகிறேன்.

அடுத்து வந்தது இன்னும் எளியது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் காத்தே, பப்பாகோஸ்தாஸ் என்ற இருவர், மேகநோயாளிகளின் சீரத்தில் பார்மலினைச் சேர்த்தால் அது கட்டிப்படுகிறது என்று 1920-ல் எழுதியிருந்தார்கள். மேகநோய்க்கு அது பயன்படவில்லை. ஆனால் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் எவரார்ட் நேப்பியர், 1920-களின் தொடக்கத்தில், அதைக் காலா அசாரில் பயன்படுத்தி வெற்றி கண்டார். ஒரு கன சென்டிமீட்டர் சீரத்தில் கடையில் வாங்கும் பார்மலினை ஓரிரு துளி விட்டுக் குலுக்கி வைத்தால், முற்றிய நோயில் இருபது நிமிஷத்துக்குள் அது அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வெளுத்து இறுகிவிடும். குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. வெறுமனே இறுகுவது போதாது, வெளுக்கவும் வேண்டும். கண்ணாடியைப் போலத் தெளிவாக இறுகும் சீரம் வேறு பல நோய்களிலும் உண்டு. இந்தப் பேதத்தைப் பழக்கத்தால் அறிந்த கம்பவுண்டர்களும் சப்-அஸிஸ்டண்ட் சர்ஜன்களும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் ஆயிரக்கணக்கான ஏழைகளின் நோயைத் தீர்மானித்தார்கள். 1927-ல் ராம்நாத் சோப்ராவும் அவருடைய சகாக்களும், யூரியா ஸ்டிபமைன் கரைசலையே சீரத்தோடு சேர்த்து, வீழ்படிவு விழுவதைக் கொண்டு நோயறியும் மற்றொரு முறையையும் சேர்த்தார்கள். மருந்தே சாட்சியாகவும் வேலை செய்தது.

இந்தச் சோதனைகளுக்குக் குறைகள் உண்டு. நோய் தொடங்கிச் சுமார் மூன்று மாதம் ஆனபின்பே பார்மலின் சோதனை பலன் காட்டும்; குணமான பிறகும் சில மாதங்கள் அந்தப் பலன் நீடிக்கும்; குஷ்டம் முதலிய வேறு நீண்டகால வியாதிகளிலும் சில சமயம் வெளுப்பு தோன்றும். அது கிருமியைக் காட்டவில்லை, கிருமியால் தேகம் பட்ட பாட்டைத்தான் காட்டியது. ஆயினும் மண்ணீரலைக் குத்துவதா, நோயாளியைக் கைவிடுவதா என்று திகைத்து நின்ற ஒரு வைத்தியனுக்கு, சில அணா விலையில் கிடைத்த பதில் அது. நுட்பமான சோதனையைச் சிலருக்குச் செய்வதைவிட, பரும்படியான சோதனையைத் தேவைப்பட்ட எல்லோருக்கும் செய்வது மேல் என்பதை அக்காலத்துக் கல்கத்தா வைத்தியர்கள் செயலில் காட்டினார்கள். இதை நான் அவர்களுடைய பெரும் சாதனையாகக் கருதுகிறேன்.

சீனத்தில் பீக்கிங் யூனியன் வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ரிச்சர்ட் சியா, காய்ச்சி வடித்த நீரில் சீரத்தைச் சேர்த்துக் குளோபுலின் மிகுதியை அளவிடும் எளிய முறையை 1924-ல் வெளியிட்டார். 1944-ல் ஸ்வீடன் தேசத்து யான் வால்டன்ஸ்ட்ரோம், இரத்தத்தில் ராட்சசப் பருமனுள்ள குளோபுலின் பெருகும் ஒரு புதிய நோயை விவரித்தபோது, அதைக் கண்டறியவும் அதே நீர்ச் சோதனை உதவியது. ஐரோப்பியப் பாடநூல்களில் அது சியா சோதனை என்றே நிலைத்துவிட்டது. சியாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே உபாயத்தைக் கையாண்ட பிரம்மச்சாரியின் பெயர் அங்கே இல்லாதது நியாயமன்று.

இவ்வளவும் நடந்தபோது, பெருகிய அந்தக் குளோபுலின் இன்னது என்று ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. 1937-ல் உப்சலா நகரில் ஆர்னே டிசெலியுஸ், வளைந்த குழாயிலுள்ள சீரத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, புரதங்கள் அவற்றின் வேகத்துக்கேற்பப் பிரிந்து ஓடுவதைக் கண்டார். ஆல்புமின் முன்னே விரைய, பின்னே ஆல்பா, பீட்டா, காமா என்று குளோபுலின்கள் மூன்று கூட்டங்களாகப் பின்தங்கின. இரண்டு ஆண்டுகளில், அவரும் எல்வின் கபாட்டும், முயலின் சீரத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருளை நீக்கினால் காமாவின் மேடு தாழ்வதைக் காட்டினார்கள். 1940-களின் பிற்பாதியில் ஸ்டாக்ஹோமில் அஸ்ட்ரிட் ஃபாக்ரேயுஸ் என்ற பெண்மணி, அந்த எதிர்ப்புப் பொருளை உற்பத்தி செய்பவை பிளாஸ்மா அணுக்களே என்று நிறுவினார். காலா அசாரில் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இந்த அணுக்கள் மண்டிக் கிடப்பதன் காரணம் இப்போது விளங்கியது. கல்கத்தாவின் கண்ணாடிக் குழாய்களில் வெளுத்துத் திரண்டதில் பெரும்பங்கு காமா குளோபுலின்.

விளங்கியதும் ஒரு பெரிய புதிர் எழுந்தது. காமா குளோபுலின் எதிர்ப்புச் சக்தியின் வாகனம் என்றால், அது மலைபோலக் குவிந்திருக்கும் நோயாளி ஏன் சாகிறான்? விடை மெல்ல மெல்லக் கிடைத்தது. ஒட்டுண்ணி இரத்தத்தில் வெளிப்படையாகத் திரியாமல், கிருமிகளை விழுங்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே குடிபுகுந்து பெருகுகிறது. வெளியே மிதக்கும் குளோபுலின் அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை. உடலோ, எல்லா வகைப் பிளாஸ்மா அணுக்களையும் பேதமின்றித் தட்டியெழுப்பி, அந்த ஒட்டுண்ணிக்குச் சம்பந்தமில்லாத குளோபுலின்களையும் ஏராளமாகச் செய்து குவிக்கிறது. பிரேசில் தேசத்து மொன்டெனீக்ரோ 1926-ல் வகுத்த தோல் சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டியது: நோய் முற்றியிருக்கையில் தோலில் ஒரு மாற்றமும் இராது, குணமான பிறகே தடிப்பு எழும். அதாவது, காப்பாற்றுவது அணுக்களின் எதிர்ப்பே. குளோபுலின் காவலாளி அல்ல, இங்கே அது சாட்சி மட்டுமே.

போஷாக்கின் விஷயமும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. ஆல்புமினைக் கல்லீரல் செய்கிறது. அது செய்யப் புரதமுள்ள உணவு வேண்டும். பசியிலும் நெடுநோயிலும் ஆல்புமின் குறைய, கால்கள் வீங்குகின்றன, வயிற்றில் நீர் கோக்கிறது. 1930-களில் ஆப்பிரிக்கக் கோல்டு கோஸ்ட்டில் சிசிலி வில்லியம்ஸ் விவரித்த, குவாஷியார்கர் என்ற போஷாக்குக் குறைவு நோய் கண்ட குழந்தைகளிடத்திலும், பின்னர் குன்னூரில் இருந்த போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையில் சி. கோபாலன் முதலியோர் ஆராய்ந்த நம் குழந்தைகளிடத்திலும் ஆல்புமின்தான் தேய்ந்திருந்தது. தொற்றுநோய்கள் அடுத்தடுத்துத் தாக்குவதால் காமா குளோபுலின் குறையாமல் நிற்பதும் கூடுவதும் உண்டு. ஆகவே மொத்தப் புரதத்தை மாத்திரம் அளந்து திருப்தியடையும் வைத்தியர் ஏமாறுவார். ஒன்றின் இறக்கத்தை மற்றொன்றின் ஏற்றம் மூடிவிடும். பட்டினியால் மெலிந்த குழந்தையைக் காலா அசார் எளிதில் வெல்கிறது. காலா அசார் அந்தக் குழந்தையை மேலும் மெலியவைக்கிறது.

மலேரியாவுக்காக வீடுகளில் தெளித்த டி.டி.டி. மருந்து, நோயைப் பரப்பும் மணல் ஈக்களையும் அழித்ததால் 1950-களிலும் 60-களிலும் காலா அசார் ஒடுங்கியது. தெளிப்பு நின்றபின் 1970-களில் பீகாரில் மறுபடி மூண்டது. இப்போது ஒரு துளி இரத்தத்தில் ஆர்.கே. 39 என்ற ஆன்டிஜென் பூசிய காகிதப் பட்டையைத் தோய்த்துச் சில நிமிஷங்களில் நோயை அறிகிறார்கள். அது தேடுவதும் குளோபுலினைத்தான். ஆனால் ஒட்டுண்ணிக்கென்றே உண்டான குளோபுலினை மட்டும் தேடுகிறது. 2023-ல் வங்காள தேசம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து காலா அசாரை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நம் வைத்தியக் கல்லூரிகளில் நோயியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. காமா குளோபுலினைப் பற்றிய பாடத்தை டிசெலியுஸின் மின்சாரக் குழாயிலிருந்து தொடங்காதீர்கள். கல்கத்தாவில் காய்ச்சி வடித்த நீரோடு சேர்க்கப்பட்ட அந்தச் சீரத்திலிருந்து தொடங்குங்கள். சியாவின் பெயரை எழுதும் பலகையில் பிரம்மச்சாரியின் பெயரையும், லீஷ்மனின் பெயரை உச்சரிக்கும் வகுப்பில் சென்னை டானவனின் பெயரையும் மாணவர்கள் கேட்கும்படி செய்யுங்கள்.